மாரிக்கண்ணுவின் டப்பா

எங்கள் கிளினிக்கில் ஏசி நன்றாக வேலை செய்யும். வெயில் காலத்தில் அதற்காகவே சீக்கிரம் வந்து உட்காரும் பெண்கள் உண்டு. நான் அவர்களைக் கடிந்து பேசியதில்லை. ஆன்லின் சிஸ்டர் தங்கமானவள் என்று காரைக்காலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

கருப்பைக்குள் வளரும் சதையைப் பாலிப் என்பார்கள். டாக்டர் அறிவுமதி ஆளைத் தங்க வைக்காமலே அதை எடுத்துவிடுவார். கேமரா வைத்த மெல்லிய குழாய், அதன் வழியே ஒரு சின்னக் கத்தரி. காலையில் வருகிறவர் மதியம் பஸ் ஏறிவிடலாம். எடுத்த சதையைக் கழுவி, மருந்து ஊற்றிய டப்பாவில் போட்டு, பெயர் ஒட்டி லேபுக்கு அனுப்புவது என் வேலை. அதில் புற்று இருக்கிறதா என்று அங்கேதான் பார்ப்பார்கள்.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. வடிகட்டும் வலையில் கொழகொழவென்று ஒட்டியிருக்கும். விரலால் வழித்து எடுக்க வேண்டும். கையுறை போட்டாலும் கூசும். சிலருடையதில் அழுகல் வாடை வரும். மதியம் சோற்றில் கை வைத்தால் அதே வாடை.

பட்டினச்சேரி மாரிக்கண்ணு தன் மகள் கவியாவோடு வந்தார். மாதவிலக்கு நின்று பல வருடம் கழித்து ரத்தப்போக்கு. வலியிலும் என்னைப் பார்த்து, "ஒங்களுக்குத்தான் செரமம் குடுக்குறேன் சிஸ்டர்" என்றார். உண்மைதான். வந்த சதை சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று உதிர்ந்தது. அறையே நாறியது.

"இப்படி வாடை வந்தா சந்தேகப்படணும். இத மொதல்ல அனுப்பிடுங்க சிஸ்டர்" என்றார் டாக்டர்.

"சரிங்க டாக்டர்."

கழுவும் அறையில் எனக்குக் குமட்டியது. அப்படியே கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஆனால் டப்பா காலியாகப் போகக்கூடாதே. சற்று முன் ஜொஹரா என்ற இளம்பெண்ணுக்கு எடுத்தது மேசைமேல் இருந்தது. வெளிறிய சிவப்பு, வாடையே இல்லை. அதில் ஒரு துண்டு வெட்டி மாரிக்கண்ணுவின் டப்பாவில் போட்டேன். ஜொஹராவுக்கு எதுவும் குறைந்துவிடவில்லை.

புற்று இல்லை என்று முடிவு வந்தது. கவியா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். மறுபடி ரத்தம் பட்டபோதும், "அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே" என்று மாரிக்கண்ணு வீட்டிலேயே இருந்துவிட்டாராம். வயிறு வீங்கியபின் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் நுரையீரல்வரை பரவியிருந்தது. அங்கே பழைய துண்டை வரவழைத்துப் பார்த்தவர்கள், இது இந்த வயதுப் பெண்ணின் சதையே அல்ல என்றார்கள். அப்படித்தான் விசாரணைக்கென்று நீங்கள் என்னிடம் வந்து சேர்ந்தீர்கள்.

சாவுக்குப் போனேன். கவியா என் தோளில் சாய்ந்து விம்மினாள். தலை குளிக்காத பிசுக்கு வாடை மூக்கில் ஏறியது. பொறுத்துக்கொண்டு முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

நீங்கள் மாரிக்கண்ணுவைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். பூவத்துப் பெண் ஒருத்தி உண்டு. திருவேட்டக்குடியில் அக்கா தங்கை இருவர். இன்னும் சிலர் இருப்பார்கள், பெயர் நினைவில்லை. அவர்களுடையதையும் கொட்டினேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வாடை இல்லாத சதையை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.