மரக்கிடங்கில் ஒரு நெடுந்தூர பஸ்

ஐயா, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்கும். அந்தப் பையன் உதயசூரியனையும் பிடித்துத்தான் இருந்தது. ஸ்டேஷன் ரிக்கார்டில் இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஜம்புலிங்கம். போர்ட் பிளேயரில் கிளம்பி, சௌல்தாரி வழியாகக் காட்டோரத்துப் பழைய மரக்கிடங்கு வரை போகும் பஸ்ஸின் கண்டக்டர். கிடங்குக்கு அப்பால் ரோடு கிடையாது. நான் தீவிலேயே பிறந்தவன், மெயின்லேண்டைப் பார்த்ததில்லை. என் ஆயுளின் மிக நீண்ட பயணம் இந்த ரூட்தான். அதைத் தினம் போய்வருகிறேன்.

உதயசூரியன் மெட்ராஸ் கப்பலில் வந்து இறங்கியவர். முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பை. ஊர் ஊராகப் பஸ்ஸிலேயே சுற்றுவது அவருக்கு ஒரு பைத்தியம். கராச்சர்மா ஸ்டாப்பைத் தாண்டுவதற்குள் மதுரை, பெங்களூர், பம்பாய் என்று விடிய விடியப் பஸ்ஸில் போன கதையெல்லாம் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கப்பலில் திரும்பியாக வேண்டும், அக்காவுக்குக் கல்யாணம், அப்பா இல்லாத வீடு, தான்தான் முன்னால் நின்று நடத்த வேண்டும் என்றும் சொன்னார். நல்ல பையன். கிடங்கில் பஸ் நின்றதும் இறங்கி, சோம்பல் முறித்து, "அவ்வளவுதானா அண்ணே?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"அரே பாய், இது லோக்கல் பஸ். வடக்கே போற லாங் பஸ் இங்கதான் வரும். பூரா ஒரு நாள் ஓடும்," என்றேன்.

"ஒரு நாளா?"

என் தீவைப் பார்த்து ஒரு மெயின்லேண்டுக்காரர் வாய் பிளந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்துவிட்டது. கிடங்கின் ஓலைக் கொட்டகையில் கிடந்த பெஞ்சைத் துடைத்து, அவரை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் போனபோதும் அங்கேயே இருந்தார். "பஸ் வரலையே அண்ணே," என்றார். "லேட்," என்றேன். உடனே நம்பிவிட்டார். மெயின்லேண்டில் வளர்ந்தவர்கள் பஸ் லேட் என்றால் சந்தேகப்படுவதில்லை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். என் மனைவி செல்லம் எனக்குக் கட்டிக்கொடுக்கும் சோறும் மீன் குழம்பும் தினமும் அவருக்கே போயின. நான் பட்டினி கிடந்தேன், அதையும் எழுதுங்கள்.

பிறகு சௌல்தாரியில் காய்கறி விற்கும் கமலாட்சி வந்தாள். ஒருவர் மூட்டையோடு காத்திருக்கிறார் என்றால் ஏதோ வரப்போகிறது என்றுதான் எங்களுக்கு அர்த்தம். கப்பல் டிக்கெட் வரிசையில் கல்லையோ செருப்பையோ வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது இந்த ஊர் வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். அந்த இடத்தை யாரும் தொடமாட்டார்கள். உதயசூரியனின் பைக்குப் பின்னால் கமலாட்சி ஒரு தேங்காயை வைத்தாள். தேங்காய்க்குப் பின்னால் ஒரு குடை, ஒரு சட்டி, ஒற்றைச் செருப்பு. இரண்டொரு நாளில் வரிசை கொட்டகையைத் தாண்டி வளைந்துவிட்டது. பஸ் எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் உதயசூரியன் என் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார். "கப்பலுக்குப் போகணும் அண்ணே."

"இன்னிக்குப் பக்கா வந்துரும் பாய். நீங்கதான் முதல் ஆளு. போனா இடம் போயிரும், சோச்லோ, யோசிச்சுக்குங்க."

கமலாட்சி ஏறி வந்து அவர் கையைப் பிடித்தாள். "இறங்குங்க தம்பி. முதல் இடம் யாருக்குக் கிடைக்கும்?" என்றாள். வரிசையில் இடம் போட்டிருந்த எல்லோரும் வந்து நின்று தலையாட்டினார்கள். அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். மத்தியானம் கப்பல் போய்விட்டது.

அப்புறம் காய்ச்சல் வந்தது. காட்டுக் கொசு. அது என்ன காய்ச்சல் என்று எனக்குத் தெரியும், என் அண்ணன் போனதும் அதில்தான். பெஞ்சே ஆடும்படி நடுங்கினார். "பஸ் வேணாம் அண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றார்.

என் பஸ் காலியாகத்தான் நின்றது. ஆனால் முதல் ஆளே திரும்பிப் போனால் வரிசை கலைந்துவிடும். ரோடு இங்கேயே முடிகிறது என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். பாவம், எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும்தான்.

"ஜகா நஹி பாய், சீட் இல்ல," என்று சொல்லிவிட்டு விசில் ஊதினேன்.

மறுநாள் போனபோது இறந்துகிடந்தார். கொட்டகைக்குப் பின்னால் சாக்கைப் போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். நான் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார். ஏற்றாமல் விட்டது நான்தான், வேறு யாருடைய பெயரையும் இதில் சேர்க்க வேண்டாம். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவருடைய பையை ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். தேங்காய், குடை, சட்டி, செருப்பு எல்லாம் ஓரடி முன்னால் வந்திருந்தன. நானே கண்ணால் பார்த்தேன். வரிசை நகர்ந்திருக்கிறது என்றால், பஸ் வந்து போயிருக்கத்தானே வேண்டும்?