கதவு செய்கிறவர் கை

நர்ஸ்: ...அப்ப, கதவு இடிச்சதுன்னே எழுதிக்கட்டுமா?

தச்சர்: ஆமா சிஸ்டர், முந்தாநேத்து. எத்தனை வாட்டி கேப்பீங்க...

நர்ஸ்: கோவிச்சுக்காதீங்கண்ணே. கதவு செய்யுறவரையே கதவு பதம் பார்த்திருச்சா, அதான் கேட்டேன்.

தச்சர்: ஹ்ம்... என் நேரம். ஆ! மெதுவா...

நர்ஸ்: விரலை மடக்குங்க.

தச்சர்: முடியல. வீங்கிக்கிட்டே போகுது. கை சரியாயிடும்ல? உளி பிடிக்க முடியலன்னா நான்...

நர்ஸ்: அது நீங்க சொல்றதுலதான் இருக்கு.

தச்சர்: நான் என்ன சொல்லணும்?

நர்ஸ்: கதவு பட்டிருந்தா ஒரு மருந்து. யார் பல்லாவது பட்டிருந்தா வேற மருந்து. மாத்திக் கொடுத்தா சீழ் மூட்டுக்குள்ள இறங்கிடும். டாக்டர்கிட்ட எதைச் சொல்லட்டும்?

தச்சர்: ரெண்டையும் சேர்த்து எழுதினா...

நர்ஸ்: அண்ணே. ஒண்ணுதான்.

தச்சர்: ...ரெண்டாவது.

நர்ஸ்: சரி.

தச்சர்: சரின்னா? திட்ட மாட்டீங்களா?

நர்ஸ்: திட்டினா எந்திரிச்சுப் போயிடுவீங்க. நீங்க இங்கயே உக்காந்திருக்கணும். வீட்டுல இப்ப யாரு இருக்கா?

தச்சர்: சம்சாரம்... சிஸ்டர், என்னை மாட்டி விட்டுறாதீங்க.

நர்ஸ்: உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன், இதை மறைக்கவும் மாட்டேன். பக்கத்து ரூம்ல வீட்டு அடிதடி கேஸ் பார்க்கன்னே ஒரு மேடம் இருக்காங்க. கட்டுப் போட்டதும் அங்கதான் போறோம். உங்க வீட்டுக்கும் ஆள் போவாங்க.

தச்சர்: இனிமே நடக்காது. சத்தியமா...

நர்ஸ்: போன தடவையும் சொல்லியிருப்பீங்களே?

தச்சர்: ...சொன்னேன்.

நர்ஸ்: மறைக்காம சொல்லுங்கண்ணே. அவங்க வாயில காயம் இருக்குமே... யாராவது பார்த்தாங்களா?

தச்சர்: இல்ல. வெளிய போக வேணாம்னு... உப்புத் தண்ணியில கொப்புளிக்கச் சொன்னேன்.

நர்ஸ்: ரெண்டு நாளாவா! சாப்பிடுறாங்களா?

தச்சர்: பால் மட்டும். அதுவும் அழுதுக்கிட்டே...

நர்ஸ்: இருங்க, டாக்டர்கிட்ட இப்பவே சொல்லணும். வயசு என்ன?

தச்சர்: யாருக்கு?

நர்ஸ்: சம்சாரத்துக்குத்தான். வேற யாருக்கு?

தச்சர்: அவளுக்கு முப்பத்தொண்ணு... சிஸ்டர், நில்லுங்க.

நர்ஸ்: என்னண்ணே?

தச்சர்: அத எழுதாதீங்க. அவ குறுக்க வந்து தடுக்கத்தான் பார்த்தா... அது பாப்பாவோட பல்லு. ஏழுதான் ஆகுது.