அக்டோபரில் விற்கப்பட்ட ரைஃபிள்

பெயர்: ஆர்மாஸ் மோய்லனென். வயது: அறுபத்தெட்டு. தொழில்: காட்டில் மரம் இழுக்கும் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். விலாசம்: ஹர்மாலம்பி ஏரி, கிழக்குக் கரை, காயானி வட்டம், பின்லாந்து. மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை.

நான் மேற்படி விலாசத்தில் தனியாக வசித்து வருகிறேன். என் மேல் உள்ள புகார், ஏரியின் மேற்குக் கரையில் வசிக்கும் எய்னோ லெஸ்கினென் என்பவரின் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு துப்பாக்கியுடன் உள்ளே புகுந்தேன் என்பது. கதவை உடைத்தது உண்மை. துப்பாக்கி கையில் இருந்ததும் உண்மை. அவரைக் கொல்லப் போனேன் என்பது உண்மையல்ல. துப்பாக்கி வாங்கியதிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்றேன். அதிகாரி சரி என்றார்.

என்னுடைய பழைய ரைஃபிள் கடந்த மாதம் பாறையில் வழுக்கி விழுந்தபோது கட்டையோடு பிளந்துவிட்டது. எனக்கு எலும்பு தப்பியது, அதற்குத் தப்பவில்லை. வேறு வாங்க அனுமதி கிடைத்தபோது மூஸ் மான் வேட்டை தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. ரைஃபிள் இல்லாமல் வேட்டைக் குழுவில் இடம் கிடையாது. வேட்டை நாட்களில் காட்டுக்குள் ஆளுக்கொரு இடத்தில் தனியாகத்தான் உட்கார்ந்திருப்போம். ஆனால் வயர்லெஸ்ஸில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், மாலையில் வேட்டைக் குடிசையில் எல்லோரும் ஒரே பானையில் சூப் குடிப்போம். வருடத்தில் மற்ற நாட்களில் என் பெயரை யாரும் சொல்லி நான் கேட்பதில்லை. வானொலியில் வானிலை சொல்பவரோடுதான் பேச்சு, அதுவும் அவர் பதில் சொல்வதில்லை. ஆகவே ரைஃபிள் எனக்கு மிகவும் அவசியமாக இருந்தது. போலீஸார் கொடுத்த அனுமதிச் சீட்டை எடுத்துக்கொண்டு காயானிக்குப் போனேன்.

துப்பாக்கிக் கடை நடத்தும் ரைலி என்ற பெண்மணி எனக்குப் பல வருடப் பழக்கம். அவர் முதலில் புதிய ரைஃபிள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். துருப்பிடிக்காத எஃகுக் குழல், பிளாஸ்டிக் கட்டை. மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்றார்.

"இத எடுத்துக்கங்க ஆர்மாஸ். உங்க காலத்துக்கும் உழைக்கும், அதுக்கு அப்புறமும் உழைக்கும்."

"அப்புறம் உழைச்சு எனக்கு என்ன பிரயோஜனம்? கைல புடிச்சா ஃபிரிஜ் கதவப் புடிச்ச மாதிரி இருக்கு."

"அப்ப பழசு ஒண்ணு இருக்கு, பாருங்க. இந்த வாரம்தான் வந்துச்சு. குழலு உள்ள கண்ணாடி மாதிரி இருக்கு."

அதன் பிறகு அவர் சுவரிலிருந்து ஒரு பழைய ரைஃபிளை இறக்கினார். வால்நட் மரக் கட்டை. கன்னம் வைக்கும் இடத்தில் பழுப்புத் தோல் ஒன்று கோணல்மாணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் தையலை எனக்குத் தெரியும். எய்னோ அதைக் குடிசையில் என் எதிரே உட்கார்ந்து, மீன்வலை ஊசியால், வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே தைத்தான்.

அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: எய்னோவுக்கும் எனக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. ஒரே மூஸ் மான் மேல் இரண்டு குண்டுகள் பட்டிருந்தன. கொம்பு யாருக்கு என்பதில் தகராறு. அவன் குழுவை விட்டுப் போய் மேற்குக் கரையில் தன் சொந்த நிலத்தில் தனியாக வேட்டையாடத் தொடங்கினான். அவன் புகைபோக்கி என் சமையலறை ஜன்னலிலிருந்து தெரியும். என்னுடையது அவனுக்குத் தெரியும். இது ஊருக்கே தெரிந்த விஷயம், இந்த அலுவலகத்துக்கும் தெரியும்.

ரைஃபிளை அடையாளம் கண்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. குழலை வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தேன், தோட்டா ஏற்றும் போல்ட்டை இழுத்துத் தள்ளினேன், நெய் தடவியது போல ஓடியது. புதியதைவிட இது நல்லதா என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. எய்னோவின் ரைஃபிளைத் தோளில் போட்டுக்கொண்டு குடிசைக்குள் நுழைந்தால் எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்றுதான் யோசித்தேன். செய்தி அவன் காதுக்கும் போகும். அற்பப் புத்திதான். பழையதையே எடுத்தேன். ரைலி புதியதை மறுபடி சுவரில் மாட்டினார்.

அதன் பிறகு ரைஃபிளைத் துணிப்பையில் போட்டு, போல்ட்டைக் கழற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வீட்டுக்குக் காரை ஓட்டினேன். தோட்டா எதுவும் வாங்கவில்லை, அது வீட்டில் இருந்தது. ஏரியைச் சுற்றும் சாலை இரண்டாகப் பிரியும் இடம் வரை விசிலடித்துக்கொண்டு வந்தேன். அங்கேதான் எனக்கு உறைத்தது. வேட்டை முடிந்து ஜனவரியில் ரைஃபிளை விற்பார்கள். வேறு வாங்க எண்ணி வசந்தத்தில் விற்பார்கள். வேட்டை தொடங்கும் வாரத்தில், அக்டோபரில், எங்கள் பக்கத்தில் எவனும் ரைஃபிளை விற்கமாட்டான். பல்லைக்கூட விற்பான், அதை விற்கமாட்டான். எய்னோவின் புகைபோக்கியில் கடைசியாக எப்போது புகை பார்த்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. கிழக்கே திரும்ப வேண்டியவன் மேற்கே திரும்பினேன்.

எய்னோவின் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். நாய்க்கூண்டு காலியாக இருந்தது. நாயின் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. குளிர்காலத்துக்கு விறகு அடுக்கவில்லை. கதவில் துடைப்பம் சாய்த்து வைத்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீட்டில் ஆள் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம், பூட்டுகூடத் தேவையில்லை. ஆனால் துடைப்பத்தின் பக்கத்திலேயே அவனுடைய பூட்ஸ் இருந்தது. அவனுக்கு வேறு பூட்ஸ் கிடையாது. கதவைத் தள்ளினேன், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. ஆள் உள்ளே இருந்துகொண்டு, பின் வாசல் வழியாகச் சுற்றி வந்து, ஆள் இல்லை என்று துடைப்பம் சாய்த்திருக்கிறான் என்று புரிந்தது.

கதவைத் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பின் கதவையும் போய்த் தள்ளிப் பார்த்தேன், அதுவும் தாழிட்டிருந்தது. அதன் பிறகு காருக்குத் திரும்பி ரைஃபிள் பையை எடுத்துக்கொண்டேன். ஏன் எடுத்தீர்கள் என்று அதிகாரி மூன்றாவது முறையாகக் கேட்கிறார். என் காரின் கதவு பூட்டாது. ஆளில்லாத காரில் துப்பாக்கியை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம், அனுமதி கொடுத்தபோது இதே அலுவலகத்தில்தான் எனக்கு அதை வாசித்துக் காட்டினார்கள். நாற்பது வருடமாக அப்படித்தான் செய்து வருகிறேன். பதற்றத்திலும் கை தானாக அதைச் செய்தது. எதிர்வீட்டு ஹில்க்கா தபால் பெட்டியருகே நின்று இதைப் பார்த்திருக்கிறார். பையின் நீளத்தைப் பார்த்தாலே உள்ளே என்ன என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவர் போலீஸுக்குப் போன் செய்ததில் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் செய்திருப்பேன்.

அதன் பிறகு தோளால் இடித்துக் கதவை உடைத்தேன். எய்னோ சமையலறை மேசையருகே உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான்.

"நீயா? துடைப்பம் கண்ணுக்குத் தெரியலையா? கொம்பு கேட்டு வந்திருந்தா கொட்டாய்ல கெடக்கு, எடுத்துட்டுப் போ."

"ஏன்டா கதவத் தெறக்கல?"

"கொல்ல வர்றவனுக்குக் கதவு வேற தெறந்து விடணுமாக்கும்."

பிறகு அவன் கண் பையின் மேல் விழுந்தது. திற என்றான். நான் பையின் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். தோலில் அவனுடைய தையல் தெரிந்தது. அவன் முகம் வெளுத்துப் போனதைப் பார்த்தேன். வாழ்நாளில் அவன் பயந்து நான் பார்த்ததில்லை.

"அடப்பாவி. இந்த வீட்ட விட்டு வெளிய போகட்டும்னுதானடா அத வித்தேன். நீ எதுக்குடா திருப்பி உள்ள கொண்டாந்த?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவனே சொன்னான்.

"போன குளிர்காலம் பூரா அந்தத் துப்பாக்கி அலமாரியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். இந்த வருசமும் இருட்டு வருது. அதுவும் நானும் ஒரே வீட்ல இருக்க வேணாம்னு தோணிச்சு. நாய அக்கா மகன்கிட்ட குடுத்துட்டேன். அதுவாவது நல்லா இருக்கட்டும்."

ஏரிக்கு அந்தப் பக்கம் நானும், பகல் சில மணி நேரமே இருக்கும் அதே குளிர்கால இருட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒருவர் விளக்கை ஒருவர் பார்த்துக்கொண்டு, அவன் முதலில் பேசட்டும் என்று வீம்பு பிடித்திருக்கிறோம். "இரு, வர்றேன். எங்கயும் போகாத" என்று மட்டும் சொன்னேன். அந்த ரைஃபிள் இன்னும் ஒரு கணம்கூட அந்தக் கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அப்போதுதான் போலீஸ் வண்டிகள் வந்து நின்றன.

கையில் துப்பாக்கியுடன் அந்த வீட்டிலிருந்து ஓடி வந்தேன் என்று போலீஸார் எழுதியிருப்பது சரியே. கீழே போடச் சொன்னார்கள், போட்டேன். படுக்கச் சொன்னார்கள், படுத்தேன். என் முதுகில் ஒருவர் முழங்காலை வைத்திருந்தபோது, "உள்ள போங்க, அவன்கூட யாராவது இருங்க, அவன தனியா விடாதீங்க" என்று கத்தியதும் நான்தான். நான் அவனைச் சுட்டுவிட்டதாக அவர்கள் நினைத்தார்கள். அவர்கள் உள்ளே போவதற்குள் எய்னோ காலுறையோடு வாசலுக்கு வந்து நின்றான்.

"அவன விடுங்கய்யா. அப்படிப் படுக்க வச்சா அவனால எந்திரிக்க முடியாது. அப்புறம் நான்தான் தூக்கணும்."

கதவை ஏன் உடைத்தேன் என்று வண்டியில் அதிகாரி கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் எய்னோவின் மானம் போகும், சொல்லாவிட்டால் என் வேட்டை லைசென்ஸ் போகும், ஒருவேளை ஜெயிலும் கிடைக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது என்று தீர்மானித்தேன். பின் இருக்கையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எய்னோதான் முழங்கையால் என்னை இடித்து, "சொல்லித் தொலைடா. உள்ளத உள்ளபடி சொல்லு" என்றான். அவன் அனுமதித்ததால் மட்டுமே இவற்றை இங்கே சொல்லியிருக்கிறேன். இதில் அவன் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. ரைஃபிளை விற்றதுதான் அவன் செய்ததிலேயே தைரியமான காரியம். என் கருத்தைப் பதிவு செய்ய முடியாது என்று அதிகாரி சொன்னார், பிறகு எழுதிக்கொண்டார்.

விசாரணை முடிந்ததும் ரைஃபிள் திருப்பித் தரப்படுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அது வேண்டாம். இந்த வருடம் நான் வேட்டைக்குப் போவதாக இல்லை. குழுத் தலைவருக்குப் போனில் சொல்லிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. மதியம் சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸ் எய்னோவைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே நான் அழைத்துப் போகிறேன். அதன் பிறகு விறகு வெட்ட வேண்டும், அவன் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் மாட்ட வேண்டும், நாயைப் போய்க் கூட்டி வர வேண்டும். இருட்டுக் காலம் முடியும்வரை யார் வீட்டில் இருப்பது என்று இன்னும் சண்டை தீரவில்லை.

இந்த அறையின் கதவை மூட அதிகாரி எழுந்தபோது நான் ஏன் தடுத்தேன் என்று அவர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன். எய்னோ வெளியே நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். இங்கிருந்து அவன் தோளும் ஒரு கையும் எனக்குத் தெரிகின்றன. பேசி முடிக்கும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு, எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாரும் என்னை மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை. இவை அனைத்தும் உண்மை, கூட்டவோ குறைக்கவோ எனக்கு ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஆர்மாஸ் மோய்லனென்