கறுப்பு முந்தானை

ரொம்பக் காலம் முந்தி, இந்தக் கடற்கரையில கரண்டுக் கம்பமே நடாத காலத்துல, உப்பாத்துவிளையில பேராச்சின்னு ஒருத்தி இருந்தா. எங்க பூட்டி. நான் பாத்ததில்ல, சொல்லக் கேட்டதுதான். ஆனா நெனச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியும்.

அப்போ ஊர்ல திராவகக் கம்பெனி ஒண்ணு இருந்துது. முதலாளி சீமைக்குப் போயி ரசாயனம் படிச்சவராம். காய்ச்சுறது திராவகம், பொழுதுபோக்கு படம் எடுக்கது. பெரிய பெட்டி; அப்போ ஃபிலிம் ஏது, படம் விழுறது கண்ணாடித் தகட்டுல. பாய்லரை எடுப்பாராம், புகைபோக்கிய எடுப்பாராம், தன்னையும் முன்னால நிறுத்தி எடுக்கச் சொல்லுவாராம். எடுத்த கண்ணாடிய அலசிக் காய வைக்கது பேராச்சி வேலை. அவ புருசன் சிவனணைஞ்சான் அங்கேயே திராவகச் சாடி தூக்குவான்.

ஒரு நா மத்தியானம் சாடி வெடிச்சுது. ஆளு போயிட்டான். முதலாளி என்ன சொன்னாரு தெரியுமா? "இவன் என் ஆளே இல்ல. சுவரேறித் திருட வந்தவன்"னாரு. வெந்து கிடந்தவனை! ஏழு வருசம் சாடி தூக்கினவனை! ஆள்பட்டியல்ல அவன் பேரைக் காணோமாம். கூட வேலை பாத்தவனுவ வாயில எல்லாம் கொழுக்கட்டை. பேராச்சி பிள்ளைகளைத் தெருவுல "திருடன் மவன்"னு கூப்பிட்டானுவ.

தாசில்தார் விசாரிக்க வந்தாவ. பேராச்சி வேற ஒண்ணும் பேசல.

"பாய்லர் முன்னால எடுத்த கண்ணாடியக் கொண்டாரச் சொல்லுங்க ஐயா. நான் அலசினது."

முதலாளி சிரிச்சுக்கிட்டே குடுத்தாராம். காகிதப் படத்தையெல்லாம் முந்தியே ஒளிச்சாச்சு. வெறுங் கண்ணாடியில எல்லாம் மாறித்தான தெரியும்? கறுத்த மூஞ்சி வெளுத்திருக்கும், வெள்ளை வேட்டி கறுத்திருக்கும். தாசில்தார் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாவ.

"என்னம்மா, எல்லாம் பேய் மாதிரியில்ல இருக்கு! இதுல உன் புருசன் எவன்?"

"இப்படிக் குடுங்க"ன்னா. அன்னைக்கும் அவ உடுத்திருந்தது வேலைக்கு உடுத்துற அதே கறுப்புச் சேலை. முந்தானைய விரிச்சா, கண்ணாடிய அதுமேல வச்சா, வெயிலுக்குச் சாய்ச்சா. அடியில கறுப்பு இருந்தா கண்ணாடிப் படம் நேராத் திரும்புறதை, மடியில வச்சுத் துடைக்கையில தெனமும் பாத்தவளுல்லா! கறுப்பு கறுப்பாச்சு, வெள்ளை வெள்ளையாச்சு. முதலாளிக்குப் பக்கத்துல நிக்கான் சிவனணைஞ்சான், சாடிய ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு.

"திருட வந்தவன் கையில சாடியக் குடுத்து, பக்கத்துல நின்னு படம் எடுப்பீரா, வே?"

கேட்டா பாருங்க, கூட்டாளியக் கேக்கது மாதிரி "வே"ன்னு! அவரை அப்படி ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. தாசில்தார் அங்கேயே எழுதினாவளாம், சிவனணைஞ்சான் கம்பெனி ஆளுன்னு.

முதலாளிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கியளா? ஒரு மண்ணும் ஆகல. அவரு எடுத்த படமெல்லாம் இப்போ பட்டணத்துல ஒரு ஆவணக் காப்பகத்துல பொத்திப் பொத்தி வச்சிருக்காவ. எம் மவ போயிப் பாத்துட்டு வந்தா. அந்தப் படத்துக்கு அடியில அவரு பேரு, படிச்ச படிப்பு, வாங்கின பட்டம், எல்லாம் நீளமா இருக்காம். கடைசியில "உடன் ஒரு கூலி"ன்னு இருக்காம். கூலி!

அதனாலதான் எங்க சொந்தக்காரங்க குடியிருக்க இந்த வளவுல கல்யாணச் சேலைக்கு முந்தானை கறுப்பு. நல்ல காரியத்துல கறுப்பான்னு சம்பந்தக்காரங்க முகஞ்சுளிப்பாவ. சுளிக்கட்டும். தாலி ஏறினதும் பொண்ணு முந்தானைய விரிச்சு, "சிவனணைஞ்சான் கம்பெனி ஆளு"ன்னு மூணு தடவை சத்தமாச் சொல்லணும். சொல்லாம நாங்க பந்திக்கு இலை போடுறதில்ல.