தேங்கிய தண்ணீரை ஓடவிட்ட ஸ்லைடு

இந்தக் கணினிப் பயிற்சி மையத்தைக் கண்ணின் மணியாய்க் கட்டிக்காத்து, இன்று இந்த அவைக்கும் தலைமை தாங்கும் பேராசிரியர் பீமராவ் அவர்களே! ஆற்றையும் வாய்க்காலையும் அரசின் சார்பில் ஆண்டுவரும் சிறப்பு விருந்தினர், பொறியாளர் மாதவன் அவர்களே! முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! பிள்ளைகள் சான்றிதழ் வாங்கும் அழகைக் காண, பொன்மலையிலிருந்தும் தொட்டியத்திலிருந்தும் பஸ் ஏறி இந்தத் திருவரங்கம் வந்திருக்கும் தாய்மார்களே! ஸ்லைடு போடும் கலையில் தேர்ந்து தெளிந்த இளைய தலைமுறையே! ஒவ்வொருவர் பெயருக்கும் உங்கள் ஸ்லைடு மாதிரி பக்கவாட்டில் பறந்துவந்து பூத்தூவ எனக்கு வசதியில்லை. நின்ற இடத்திலிருந்தே வணங்குகிறேன்.

நான் அனுசுயா. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் மண்டி நடத்துகிறவள். அழைப்பிதழில் ‘வாழ்த்துரை’ என்று போட்டிருக்கிறார்கள். வாழ்த்தத்தான் வந்தேன். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடு வாழ்த்துவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சற்று முன் வரவேற்பு ஸ்லைடு போட்டீர்களே, அடடா! ராஜகோபுரம் தரையிலிருந்து முளைத்து வந்தது. மலைக்கோட்டை வானத்திலிருந்து இறங்கித் ‘தொம்’மென்று உட்கார்ந்தது. உச்சிப் பிள்ளையார் எதைப் பிடித்துக்கொண்டாரோ, அவருக்கே வெளிச்சம். அசையாத மலையை அசைத்தீர்கள், ஆடாத கோபுரத்தை ஆட்டினீர்கள், அதற்கு நாங்களும் கைதட்டினோம். தட்டினோமா இல்லையா? தட்டினோம்!

இப்போது தொட்டியத்துக்கு வாருங்கள். அங்கே வாழை விவசாயிகள் சங்கம் ஒன்று இருக்கிறது. அதன் செயலாளர் இளவரசன், இதே மையத்தில், இதே பேராசிரியரிடம் பயின்றவர். தூணுக்குப் பின்னால் போகாதீர்கள் தம்பி, தலை தெரிகிறது. அங்கே பள்ளக்காட்டில் பூவன் வாழை போட்டிருப்பவர் ராசாத்தி. அதோ, மூன்றாவது வரிசையில் பச்சைப் புடவை. அவர் தோட்டத்துத் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு வடிகால்தான் உண்டு. அதன் ஷட்டர் துருப்பிடித்து, இறங்கிய நிலையிலேயே இறுகிவிட்டது. தண்ணீர் தேங்கினால் வாழை தாங்குமா? தாங்காது. வேர் அழுகும், மரம் சாயும், உழைப்பு மண்ணாகும்.

அதனால் ஆவணி மாதம் அதிகாரியைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். அந்த அதிகாரி வேறு யாருமல்ல, இதோ இருக்கும் மாதவன் ஐயாதான். நேரம் கொஞ்சம்தான் என்று சொல்லிவிட்டே வந்து உட்கார்ந்தார். ராசாத்தி தன் போனில் எடுத்த வடிகால் படத்தைக் காட்டப் போனார். இளவரசன் விடுவாரா? “வெறும் படத்தக் காட்டினா மரியாதையா இருக்காதுக்கா. குடுங்க, நான் ஸ்லைடுல போட்டுக் காட்டறேன்” என்றார்.

காட்டினார்! முதலில் ஒரு வாழைத்தார் உருண்டு வந்து குதித்து நின்றது. அடுத்து சங்கத் தலைவர் படம் மும்முறை சுழன்று வர, அதன்மேல் வானத்திலிருந்து ஒரு பொன்னாடை மிதந்து வந்து தோளில் விழுந்தது. அடுத்து துணைத் தலைவர் தங்கையன் படம். அது ஒரு சுற்றோடு நின்றுவிட்டது. மனிதர் எழுந்துவிட்டார். “தலைவர் படம் மூணு சுத்து. எம் படம் ஒரே சுத்தா? நான் என்ன எளக்காரமாப் போயிட்டனா?” ஸ்லைடை நிறுத்தி அவருக்கு நாலு சுற்று வைத்தார்கள். தலைவர் முகம் சுருங்கியது. அவருக்கு அஞ்சு சுற்று. வாழை அங்கே வாடுகிறது, இவர்கள் இங்கே வரிசைப்படி சுற்றுகிறார்கள்!

அவைத் தலைவர் எனக்குத் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். ‘சுருக்கமாக’ என்று எழுதியிருக்கிறது. ஐயா, இந்தச் சீட்டை அன்றைக்கு உங்கள் மாணவருக்கு அனுப்பியிருக்கக் கூடாதா?

கடைசியில் வந்தது வடிகால் படம். வெறும் படமாகவா வந்தது? பாசி படிந்த தண்ணீரை இளவரசன் பளிங்கு நீலமாக்கியிருந்தார். அதற்கு அலை வைத்தார், அலைக்குச் சலசலப்பும் வைத்தார். நின்று நாறிய நீர் நெளிந்து நெளிந்து ஓடியது! மாதவன் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். “தண்ணிதான் ஜோரா ஓடுதே, ரொம்ப சந்தோஷம்” என்று எழுந்தார். ராசாத்தி, “அய்யா, அது ஓடலீங்க, நிக்குதுங்க!” என்று கத்தினார். கேட்டதா? கேட்கவில்லை. ஏன்? நன்றி ஸ்லைடு வந்துவிட்டது. அதில் இளவரசன் கைதட்டல் சத்தத்தைப் பதித்து வைத்திருந்தார்.

சிரிக்கிறீர்கள். இதைக் கேள்விப்பட்டபோது நானும் சிரித்தேன், ராசாத்தி என் மண்டிக்கு வரும்வரை. “அக்கா, இலையெல்லாம் மஞ்சளாயிட்டு வருது. ஐப்பசி மழையும் இறங்கிட்டா ஒண்ணும் மிஞ்சாது” என்று சொன்னார். அவர் போனிலிருந்த அந்த வடிகால் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன்.

கலை கற்ற கண்மணிகளே! வித்தை உங்களிடம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. எது நகர்கிறதோ அதை நகர்த்திக் காட்டுங்கள். நின்றுபோன ஒன்றை ஏன் ஆட்டுகிறீர்கள்? காய்ந்ததைப் பச்சையாக்கி, உடைந்ததை ஒட்டவைத்து, ஊமையாய் அழுகிறவளுக்குப் பின்னணியில் கைதட்டல் வைத்து யாரை ஏமாற்றுகிறீர்கள்? அதிகாரியையா? இல்லை! உங்களை நம்பிப் படத்தைக் கொடுத்தவரை!

இதோ, அதே படம். அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறேன். அலை இல்லை, ஓசை இல்லை. மாதவன் ஐயா, வாங்கிப் பாருங்கள். கைக்கடிகாரத்தை விடுங்கள், நிதானமாகப் பாருங்கள்.

என்ன சொல்கிறார்? மைக்கில் சொல்லுங்கள் ஐயா.

“இத நான் பாக்கவே இல்லீங்களேம்மா. ஷட்டர் முழுசா மூடியில்ல கெடக்கு! திங்கக்கிழமை ஆளோட வரேன்.”

கேட்டீர்களா? கைதட்டாதீர்கள், பொறுங்கள். மூன்றாவது வரிசையில் ராசாத்தி எழுந்துவிட்டார். சொல்லுங்க ராசாத்தி, இந்த முறை எல்லாருக்கும் கேட்கும்.

“அய்யா, திங்கக்கிழமை வரைக்கும் தண்ணி நிக்கும். மரம் நிக்காதுங்க. தார் ஏத்தியாந்த வண்டி வாசல்லதான் இருக்கு. இப்பவே வாங்க.”

அவைத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர் பொன்னாடையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டார். வழிவிடுங்கள், தாய்மார்களே. சான்றிதழை வேறு யாராவது கொடுத்துக்கொள்ளலாம்.

பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், வாய்விட்டுச் சிரித்த தாய்மார்க்கும், சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த இளவரசனுக்கும் என் நன்றி. தம்பி, நீங்களும் அந்த வண்டியில் ஏறுங்கள். எல்லோருக்கும் வணக்கம்!