பதினான்காம் மாதம் வந்த பதில்

காஞ்சிபுரத்தில் ஒருவருடைய பாஸ்வேர்டைத் தெரிந்துகொள்ள அவர் நெற்றியைப் பார்த்தால் போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. நாமம் என்றால் வரதர். விபூதி என்றால் ஏகாம்பரம். பெண்கள் பெரும்பாலும் காமாட்சி.

ஸௌந்தரராஜனின் பட்டு ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 2003இல் கணினிப் பாதுகாப்பு பற்றி அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. அதைத் தமிழில் எழுதி வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். பாதியில் போண்டா வந்தது. எழுந்துவிட்டார்கள்.

பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்று முதலாளியிடம் மூன்று முறை சொன்னேன்.

"பெருமாள் பேரை வெச்சிருக்கேன். அதைத் தாண்டி எவன்பா உள்ள வருவான்? போய் பிரிண்டரைப் பாரு."

அவருக்கு மெயில் தட்டச்சு செய்யும் அம்சா சிரித்தாள். "கதிர்வேலண்ணா, உங்க வீட்டு நாய்க்கும் பாஸ்வேர்டு இருக்குதா?"

நான் கோபப்படவில்லை. சொல்லிப் புரியாதவர்களுக்குச் செய்துதான் காட்டவேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், என் வீட்டிலிருந்து முதலாளியின் மெயிலைத் திறந்தேன். முதல் முயற்சியிலேயே திறந்தது. கல்யாண சீசனுக்கு வரைந்து வைத்திருந்த நாற்பது பார்டர் டிசைன்களையும் வெளியூர் விசைத்தறி ஆலை ஒன்றுக்கு அனுப்பினேன். எங்கிருந்து திறந்தார்கள் என்ற விவரம் வெளிநாட்டு மெயில் கம்பெனியிடம் இருக்கும். புகார் வந்ததும் போலீஸிலிருந்து நீங்கள் அவர்களிடம் கேட்பீர்கள், ஒரு வாரத்தில் செய்தது நான் என்று தெரியும், எல்லோருக்கும் புத்தி வரும். அதுதான் என் கணக்கு.

டிசைன்கள் வெளியே போனது தெரிந்ததும் முதலாளி பழியை அம்சா மேல் போட்டார். பாஸ்வேர்டு அவரையும் அவளையும் தவிர யாருக்கும் தெரியாதாம். பிள்ளையார்பாளையத்தில் அவள் வீட்டுத் தறிக்குப் பாவு நூல் கொடுப்பதை நிறுத்தினார்கள். அவளுக்கு நிச்சயித்த கல்யாணமும் நின்றது.

"நான் தொடவே இல்லண்ணா. அந்தப் பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க. வந்து சொல்லுங்கண்ணா."

"வெளிநாட்டுலேர்ந்து பதில் வரும்மா. அதுல எல்லாம் தெரிஞ்சுடும்" என்றேன். பொய் சொல்லவில்லை.

ஐந்தாம் மாதம் சர்வதீர்த்தக் குளத்திலிருந்து அவளை எடுத்தார்கள். மாலை வாங்கிப் போனேன்.

அந்த மெயில் கம்பெனிக்கு நீங்கள் எழுதிய கடிதம் டெல்லியில் கிடந்ததும், நீங்கள் இரண்டு முறை நினைவூட்டியதும் எனக்குத் தெரியும். நானே மாதாமாதம் ஸ்டேஷனுக்கு வந்து, பதில் வந்ததா என்று கேட்டேனே. பதினான்காம் மாதம் வந்திருக்கிறது. அதில் இருக்கும் ஐ.பி. முகவரி என் வீட்டுத் தொலைபேசி இணைப்பினுடையது. அனுப்பியது நான்தான்.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு இருந்திருந்தால் பதில் ஒரு வாரத்தில் வந்திருக்கும். அம்சாவைக் கொன்றது அந்தத் தாமதம். அதற்கு யார் பொறுப்பு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.