டயரு சேர்ல மாட்டிகின எத்திராஜண்ணே

ஆட்டாதீங்கண்ணே, ஆட்டாதீங்கோ! ஆட்ட ஆட்ட இன்னும் கீய எறங்கும். கம்முனு குந்துங்கோ. எம்பொண்ணு ரேகா சோப்பு கரைச்சி எடுத்தாறேன்னு பின்னாடி ஷெட்டுக்கு பூட்டுகீது. ஒத்தாசைக்கு உங்க புள்ள வெற்றியும் கூடவே பூட்டுகீது. சோப்புத் தண்ணிய ஊத்தி ஒரே இஸ்ப்பு, வெளிய வந்துருவீங்கோ.

பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்ளயோட அப்பாவுக்கு டயரு சேர்ல இடுப்பு மாட்டிக்கிச்சின்னா... இத்த யாருகிட்டண்ணே போய் சொல்லுவேன்? காசிமேட்டுல இத்தினி வருசமா மீன் வித்துகினு கீறேன், இந்த மாதிரி மானம் பூட்டதில்ல. வாடகை சேரு அல்லாம் பக்கத்து தெரு சாவு வூட்டுக்கு பூட்டுச்சு. இல்லாங்காட்டி உங்கள இதுல குந்த வெச்சிருப்பேனா, எத்திராஜண்ணே?

அல்லாம் இவளாலதான். ஊருல பொண்ணுங்கோ தையல் கத்துக்குது, பியூட்டி பார்லர் போவுது. இவ இன்னாடான்னா, எண்ணூரு ரோட்டுல கண்டெய்னர் லாரிக்காரன் கயட்டி போட்ட டயர உருட்டிகினு வர்றா! கழுவி, தொடச்சி, சேருன்றா, ஊஞ்சலுன்றா, பூத்தொட்டின்றா... எனக்கு ஒரு செருப்பு பண்ணி குடுத்தாண்ணே. தேய மாட்டேங்குது! அது தேஞ்சாதானே நான் புச்சு வாங்குறது?

வெளிய செவரு பாத்தீங்கல்ல, செவப்பும் பச்சையுமா பெயிண்ட் அட்ச்சி... அது செங்கல்லு இல்லண்ணே. டயர ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, உள்ள மண்ண போட்டு குத்து குத்துன்னு குத்தி நிறுத்திகீறா. படிக்கட்டும் அதான். கொத்தனாரு வந்து பாத்துட்டு சிரிச்சிகினே பூட்டான். போன மயையில எங்க காலடிப்பேட்டை பூரா தண்ணி. அவன் கட்டுன செவரு படுத்துக்கிச்சு, இது நின்னுச்சு. நல்லதுதானேன்றீங்களா? எங்கண்ணே நல்லது! தெருவே எங்க வூட்டு படியேறி வந்து குந்திக்கிச்சு, அந்த கொத்தனாரு பொண்டாட்டி மொதக்கொண்டு. அல்லாருக்கும் டீ போட்டு போட்டு என் கையி அவுட்டு!

இதுக்கு முன்ன வந்த மாப்ள வூட்டுக்காரங்கோ, "பொண்ணு இன்னா லாரி ஷெட்டுலயா வேல செய்யுது?"ன்னு கேட்டுட்டு, பஜ்ஜிய கூட தொடாம எய்ந்து பூட்டாங்கோ. நீங்கதாண்ணே எய்ந்து போவல. போவ முடியல, அது வேற... கோச்சிக்காதீங்கோ! இந்த சம்மந்தமும் தவறிப் போச்சின்னா எம்பொண்ணு மொகத்த நான் எப்டிண்ணே பாப்பேன்? அவ வாயத் தொறந்து ஒண்ணியும் சொல்ல மாட்டா. ஆனா உங்க புள்ள வரான்னு காலையில இருந்து தலைய பின்னி பின்னி அவுத்துகினு இருந்தா.

பஜ்ஜி துன்னுங்கோ. கை எட்டலயா? நான் வேணா ஊட்டி... சரி சரி, கையிலயே தர்றேன்.

இன்னாடி? பாருங்கோ, ஷெட்டுல இருந்தே கத்துறா. பலகையா? இன்னா பலகை? எனக்கு இன்னாடி தெரியும்! மொதல்ல சோப்ப எடுத்துகினு வா! சேருக்குள்ள பலகை வெச்சிருந்தாளாம், காணோமாம். ஒயுங்கா செஞ்சிருந்தா இந்த கதி வருமாண்ணே? தண்ணி டிரம்மு தொறந்து கீதுன்னு கொசு மருந்துக்காரரு வாசல்ல நின்னு கத்திட்டு போறாரு, அதுக்கு ஒரு மூடி வாங்கித் தரணும்னு இவளுக்கு தோணுச்சா? வூட்டுல அல்லாத்தையும் நாந்தான் பாத்துகினு கெடக்கணும்.

கேக்குதாண்ணே? சிரிக்கிறாங்கோ, ரெண்டு பேரும்! சோப்பு கரைக்கிறதுல இன்னாண்ணே சிரிப்பு? ...நீங்க இன்னாத்துக்கு சிரிக்கிறீங்கோ?

தோ, வந்துட்டாங்கோ. ஊத்துடி, சுத்தி ஊத்து. வெற்றி, அப்பாவுக்கு அந்தாண்ட கைய புடி நைனா. இஸ்துக்கோ... இன்னும் இஸ்துக்கோ... அப்பாடா! வந்துட்டீங்கோ!

செருப்ப தேடுறீங்களா? கெளம்பாதீங்கண்ணே! உங்க கால புடிச்சி கேக்குறேன், டயரையெல்லாம் இன்னிக்கே தூக்கிப் போட சொல்றேன்... இன்னாது? போட வாணாமா? உங்க வூட்டுக்கும் அந்த மாதிரி ஒரு செவரா? பொண்ண புடிச்சிகீதா? மெய்யாலுமா! ஏ ரேகா, கேட்டியாடி! தட்டு மாத்த நாளு பாக்கலாமாம்! குந்திகினு பேசலாமா? அதுக்கு இன்னாண்ணே, பேஷா பேச...

அய்யோ! அதுல வாணாண்ணே! அந்த இன்னொரு டயரு சேரும் வாணாம்! அதுலயும் பலகை இல்ல! ரெண்டு பலகையையும் நாந்தாண்ணே உருவி தண்ணி டிரம்ம மூடி வெச்சிகீறேன்! எம்பொண்ணு ஒயுங்காதாண்ணே செஞ்சா... அண்ணே! அண்ணே! பூட்டாரே... உள்ள பூட்டாரே!